முதலீட்டுத் தொழிலில் பதிவு பேணல்

முதலீட்டுத் தொழிலில் பதிவு பேணல் என்பது, பிறர் பணத்தை முதலீடு செய்பவர்களும் முதலீடு குறித்து ஆலோசனை வழங்குபவர்களும் தமது பகுப்பாய்வு, பரிந்துரை, வாங்கல் விற்றல், வாடிக்கையாளருடனான தொடர்பாடல் ஆகியவற்றுக்குரிய சான்றுகளை எழுத்திலோ மின்வடிவிலோ உருவாக்கி, குறிப்பிட்ட காலம் வரை அழியாமலும் திருத்தப்படாமலும் காத்து வைக்கும் கடமையைக் குறிக்கும். நிதிப் பகுப்பாய்வாளர், முதலீட்டு ஆலோசகர், நிதி மேலாளர், பங்குத் தரகர் முதலியோர் இக்கடமைக்கு உட்பட்டவர்கள். பல நாடுகளில் இது சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலாக, தொழில்சார் அமைப்புகளின் நன்னடத்தை நெறிகளிலும் இது தனி விதியாக இடம்பெறுகிறது.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது அலுவலக எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். எனினும் 2021ஆம் ஆண்டுக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் நிதி நிறுவனங்கள் மீது விதிக்கப்பட்ட மிகப் பெரிய அபராதங்கள் சில, பணத்தைக் கையாடியதற்காக அன்றி, குறுஞ்செய்திகளைப் பாதுகாக்கத் தவறியதற்காகவே விதிக்கப்பட்டன.

நெறிமுறை அடிப்படை

முதலீட்டில் முடிவு எடுக்கும் காலமும், அம்முடிவின் பயன் தெரியவரும் காலமும் வேறு வேறானவை. கவனமாக ஆராய்ந்து வாங்கிய பங்கு விலை வீழலாம். எதையும் படிக்காமல் வாங்கிய பங்கு இரு மடங்காகலாம். ஆகவே விளைவை மட்டும் வைத்து ஒரு முதலீட்டு ஆலோசகர் தம் கடமையைச் செய்தாரா என்று கூற இயலாது. முடிவெடுத்த நாளில் அவர் எதை அறிந்திருந்தார், எதை ஆராய்ந்தார், வாடிக்கையாளரிடம் என்ன கூறினார் என்பனவே கேள்வி. இக்கேள்விக்கு அன்றைய நாளில் எழுதப்பட்ட பதிவு மட்டுமே நம்பகமான விடை தர முடியும்.

எடுத்துக்காட்டாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், அவரது சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பங்கில் இடுமாறு ஆலோசகர் ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். ஈராண்டில் அப்பங்கின் விலை பாதியாகிறது. அந்த ஆலோசகர் நிறுவனத்தின் ஐந்தாண்டுக் கணக்குகளைப் படித்து, கடன்சுமையைக் கணக்கிட்டு, ஆசிரியரின் மாத ஓய்வூதியத்தையும் அவர் தாங்கக்கூடிய இழப்பையும் கேட்டறிந்து கூறியிருக்கலாம். அல்லது நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். விசாரணையின்போது இருவகை ஆலோசகரும் ஒரே பதிலைத்தான் அளிப்பர்: நன்கு ஆராய்ந்தே கூறினேன் என்று. பதிவு இல்லாத இடத்தில் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளருக்கும் வழியில்லை, நேர்மையாக நடந்த ஆலோசகருக்கும் வழியில்லை.

பொய் சொல்லும் எண்ணம் இல்லாதவரின் நினைவையும் முழுமையாக நம்ப இயலாது. உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு நிகழ்வின் முடிவை அறிந்தபின், அம்முடிவை முன்பே எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று மனிதர்கள் மிகைப்படுத்திக் கருதுவதைக் காட்டினார். இது பின்னோக்குச் சார்பு எனப்படுகிறது. விலை வீழ்ந்தபின் எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது போலத் தோன்றும். எனவே பதிவின் மதிப்பு அதன் தடிமனிலோ பக்க எண்ணிக்கையிலோ இல்லை; விளைவு தெரியும் முன் எழுதப்பட்டது என்பதிலேயே உள்ளது. பின்னால் உட்கார்ந்து அழகாக எழுதிச் சேர்த்த அறிக்கையை விட, அன்றைய தேதியிட்ட கையெழுத்துக் குறிப்பு மேலானது.

இதே தத்துவம் பங்கு ஒதுக்கீட்டிலும் பொருந்தும். ஒரு நிதி மேலாளர் பல வாடிக்கையாளர்களுக்காகச் சேர்த்து ஒரே ஆணையில் பங்குகளை வாங்குவது வழக்கம். யாருக்கு எத்தனை பங்கு என்பதை வாங்கும் முன்பே எழுதி வைக்காவிட்டால், மாலையில் விலை ஏறியவற்றைத் தமக்கோ தமக்கு வேண்டிய கணக்குகளுக்கோ எடுத்துக்கொண்டு, இறங்கியவற்றை ஏனையோர் தலையில் கட்டிவிட முடியும். பழுத்ததை மட்டும் பறித்துக்கொள்ளும் இம்மோசடியைத் தடுக்கும் முதன்மைக் கருவி, ஆணை இடுவதற்கு முன் எழுதப்பட்ட ஒதுக்கீட்டுக் குறிப்பே ஆகும்.

சி.எஃப்.ஏ. நிறுவனத்தின் விதி

ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்சுவில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஃப்.ஏ. நிறுவனம், பட்டயம் பெற்ற நிதிப் பகுப்பாய்வாளர் தேர்வுகளை நடத்தும் அமைப்பாகும். முதல் தேர்வு 1963ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதன் உறுப்பினர்களும் தேர்வு எழுதுவோரும் அந்நிறுவனத்தின் நெறிக்கோவைக்கும் தொழில் நடத்தைத் தரங்களுக்கும் கட்டுப்பட்டவர்கள். அத்தரங்கள் ஏழு தலைப்புகளாக உள்ளன. ஐந்தாம் தலைப்பு முதலீட்டுப் பகுப்பாய்வு, பரிந்துரை, செயல் ஆகியன பற்றியது. அதன் முதற் பிரிவு போதிய முயற்சியும் நியாயமான அடிப்படையும் வேண்டும் என்கிறது. இரண்டாவது வாடிக்கையாளருடனான தொடர்பாடல் பற்றிப் பேசுகிறது. மூன்றாம் பிரிவே பதிவு பேணல். இவ்வரிசை தற்செயலானதன்று. நியாயமான அடிப்படை இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் வழி இல்லாவிட்டால் முதற் பிரிவு வெற்று அறிவுரையாகவே நின்றுவிடும்.

பகுப்பாய்வுக்கும் பரிந்துரைக்கும் செயலுக்கும், இன்றைய வாடிக்கையாளருடனும் வாடிக்கையாளராக வரக்கூடியவருடனும் முதலீடு தொடர்பாக நடந்த பிற தொடர்பாடல்களுக்கும் ஆதாரமான தகுந்த பதிவுகளை உருவாக்கிப் பேண வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். தாளில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் ஏற்புடையதே. ஆய்வுக்குப் பயன்பட்ட தரவு, கணக்கீட்டு மாதிரி, நிறுவன அதிகாரிகளைச் சந்தித்தபோது எடுத்த குறிப்பு, வெளியிலிருந்து பெற்ற ஆய்வறிக்கை ஆகியன இதில் அடங்கும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, சமூக ஊடகப் பதிவு ஆகியவையும் விலக்கல்ல. நாட்டின் சட்டமோ நிறுவனத்தின் கொள்கையோ கால அளவு எதையும் கூறாத இடத்தில், குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்குமாறு சி.எஃப்.ஏ. நிறுவனம் பரிந்துரைக்கிறது. சட்டம் வேறு கால அளவைக் கூறினால் அதுவே பின்பற்றப்பட வேண்டும்.

மாணவர்களுக்கு வியப்பளிக்கும் பகுதி பதிவின் உரிமை பற்றியது. பகுப்பாய்வாளர் இரவு பகலாக உழைத்து உருவாக்கியதே ஆயினும், பணியின் பகுதியாக உருவான பதிவு அவருடையதன்று. பணி வழங்கிய நிறுவனத்துக்கே உரியது. வேலையை விட்டுச் செல்கையில் அந்நிறுவனத்தின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி மூலத்தையோ படியையோ எடுத்துச் செல்லக் கூடாது. புதிய நிறுவனத்தில் அதே பங்கை அவர் மீண்டும் பரிந்துரைக்க விரும்பினால், பொதுவில் கிடைக்கும் தகவல்களிலிருந்தோ, ஆராயப்படும் நிறுவனத்திடமிருந்தே பெற்றோ ஆதாரங்களைப் புதிதாகத் திரட்ட வேண்டும். முந்தைய வேலையில் செய்தது நினைவில் இருக்கிறது என்பது போதிய ஆதாரமாகாது. இது உழைத்தவருக்கு இழைக்கும் அநீதி போலத் தோன்றினும், அதன் காரணம் எளியது. அப்பதிவு பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்காக நிற்கும் சாட்சி. அது பகுப்பாய்வாளரோடு ஊர் மாறிவிட்டால் அவர்களுக்குச் சாட்சி இல்லாமல் போகும். புதிய வாடிக்கையாளர்களோ, எவரும் திறந்து பார்க்க இயலாத ஒருவரின் நினைவை நம்பிப் பணம் போட்டவர்கள் ஆவர்.

எத்தனை ஆண்டுகள்

உலகுக்கெல்லாம் பொதுவான கால அளவு எதுவும் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் பங்கு பரிவர்த்தனைச் சட்டத்தின் கீழ் தரகு நிறுவனங்களுக்கு இரண்டு விதிகள் உள்ளன. 17ஏ-3 என்னும் விதி எந்தெந்தப் பதிவுகளை உருவாக்க வேண்டும் என்றும், 17ஏ-4 என்னும் விதி அவற்றை எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நாட்குறிப்பேடு, பேரேடு போன்றவற்றுக்கு ஆறு ஆண்டுகள். தொழில் தொடர்பான கடிதப் போக்குவரத்துக்கும் ஆணைச் சீட்டுகளுக்கும் மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் தோற்ற ஆவணங்களும் கூட்டக் குறிப்புகளும் நிறுவனம் உள்ளளவும் காக்கப்பட வேண்டியவை.

முதலீட்டு ஆலோசகர்களுக்கு 1940ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் அதன் கீழான 204-2 விதியும் பொருந்தும். இங்குக் காலம் ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகள் எப்போது தொடங்குகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசிப் பதிவு எழுதப்பட்ட நிதியாண்டின் முடிவிலிருந்தே அவை எண்ணப்படும். கடந்தகால ஈட்டத்தை விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு இது இன்னும் நீளும். அக்கணக்கீட்டுக்கான ஆதாரங்களை, விளம்பரம் கடைசியாக வெளியான நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். 2005 முதல் தான் ஈட்டிய இலாப விகிதத்தை 2024ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் கடைசியாக விளம்பரம் செய்திருந்தால், அதன் நிதியாண்டு திசம்பரில் முடிவதாகக் கொண்டால், 2005ஆம் ஆண்டின் கணக்குத் தாள்களை அது 2029 முடியும் வரை வைத்திருக்க வேண்டும். பழைய பெருமையைச் சொல்ல விரும்புபவர் பழைய தாள்களையும் சுமந்தே ஆக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 சனவரி 3 முதல் நடைமுறையில் உள்ள இரண்டாம் நிதிக் கருவிச் சந்தைகள் நெறிமுறை, ஆணைகள் தொடர்பான தொலைபேசி உரையாடல்களையும் ஒலிப்பதிவு செய்யக் கோருகிறது. அவற்றை ஐந்து ஆண்டுகளும், ஒழுங்குமுறை அமைப்பு கேட்டால் ஏழு ஆண்டுகள் வரையும் காக்க வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தில் ஓர் அரிய விதி உண்டு. ஓய்வூதியத் திட்டத்திலிருந்து ஒருவர் தம் உரிமையை வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழங்கப்பட்ட ஆலோசனைக்கான பதிவுகளைக் காலவரையறை இன்றிக் காக்க வேண்டும். நாற்பது வயதில் பெற்ற தவறான ஆலோசனையின் விளைவு அறுபத்தைந்து வயதில்தான் தெரியும் என்பதால் இவ்விதி பொருத்தமானதே. பிரித்தானிய உருக்கு நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டம் 2017ஆம் ஆண்டில் மறுசீரமைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 8,000 தொழிலாளர்கள் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தை விட்டு வெளியேறினர். பின்னர் அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் ஆலோசகர்களின் கோப்புகளை எடுத்து ஆராய்ந்ததில், வழங்கப்பட்ட ஆலோசனைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பொருத்தமற்றவை எனக் கண்டது. 2023ஆம் ஆண்டில் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கோப்புகள் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழிலாளியும் அன்று மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தவர் என்ன கூறினார் என்பதைத் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்திருக்கும்.

இந்தியாவில்

இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம், சுருக்கமாக செபி, 2013ஆம் ஆண்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறைகளையும் 2014ஆம் ஆண்டில் ஆய்வுப் பகுப்பாய்வாளர்களுக்கான ஒழுங்குமுறைகளையும் வெளியிட்டது. இரண்டிலும் பதிவுகளைக் காக்க வேண்டிய குறைந்த அளவு காலம் ஐந்து ஆண்டுகள். ஆலோசகர் வாடிக்கையாளரின் அடையாள விவரம், இடர் தாங்கும் திறன் பற்றிய மதிப்பீடு, ஒப்பந்தம், எழுத்தாகவோ வாய்மொழியாகவோ வழங்கிய ஆலோசனை ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆலோசனைக்குக் காரணமான தருக்கத்தைத் தேதியும் கையொப்பமும் இட்டு வைக்க வேண்டும் என்பது இவற்றுள் முதன்மையானது. என்ன சொன்னார் என்பதோடு ஏன் சொன்னார் என்பதையும் சட்டம் கேட்கிறது. ஆலோசனைக் கூடத்தில் வாய்வழியாகச் சொல்லிவிட்டு எழுத்தைத் தவிர்க்கும் பழைய வழக்கத்துக்கு இங்கு இடமில்லை. 2020ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று, வாடிக்கையாளராக வரக்கூடியவருடன் ஆலோசனை குறித்து நடந்த உரையாடலையும் கையொப்பமிட்ட எழுத்து, தொலைபேசி ஒலிப்பதிவு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வடிவில் காக்கச் சொன்னது. பிணக்கு எழுந்திருந்தால் அது தீரும் வரை அழிக்கலாகாது.

தரகர்கள் பற்றி 2017 செப்டம்பரில் வெளியான செபி சுற்றறிக்கை சிறு முதலீட்டாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வாடிக்கையாளர் கேளாமலேயே அவர் கணக்கில் பங்குகளை வாங்கி விற்றுத் தரகுக் கட்டணம் ஈட்டுவதாக எழுந்த புகார்களே அதன் பின்னணி. வாடிக்கையாளர் ஆணையிட்டதற்கான சான்று கையில் இருந்தால் மட்டுமே தரகர் அதை நிறைவேற்றலாம் என்று அது கூறியது. பிணக்கு எழுந்தால் அச்சான்றைக் காட்டும் பொறுப்பு தரகரையே சாரும். இதன் விளைவு பெரிது. முன்பு, தாம் ஆணையிடவில்லை என்பதை முதலீட்டாளர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நடவாத ஒன்றுக்குச் சான்று காட்டுவது எவருக்கும் இயலாத செயல். இப்போது ஒலிப்பதிவோ மின்னஞ்சலோ இல்லாத தரகர், தம் கூற்றுக்கு ஆதாரம் இல்லாமல் நிற்கிறார்.

அழித்தலும் சட்டமும்

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்குமாறு எந்தச் சட்டமும் பொதுவாகக் கூறுவதில்லை. காலம் கடந்த பதிவுகளை ஒழுங்காக அழிப்பதும் பதிவு பேணல் கொள்கையின் பகுதியே. எப்போது அழிக்கக் கூடாது என்பதே சிக்கலான கேள்வி. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆர்தர் ஆண்டர்சன் வழக்கு. அது முதலீட்டு நிறுவனம் அன்று, தணிக்கை நிறுவனம். ஆயினும் அதன் தாக்கம் நிதித் துறை முழுவதிலும் உணரப்பட்டது.

டெக்சாசு மாநிலத்தின் ஊசுடன் நகரைச் சேர்ந்த என்ரான் எரிசக்தி நிறுவனத்தின் கணக்குகளை ஆண்டர்சன் தணிக்கை செய்து வந்தது. 2001 அக்டோபரில் என்ரானின் கணக்குகள் மீது ஐயம் எழுந்து, பங்கு பரிவர்த்தனை ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. அச்சமயத்தில், நிறுவனத்தின் ஆவணக் கொள்கையைப் பின்பற்றுமாறு ஆண்டர்சன் ஊழியர்களுக்கு நினைவூட்டப்பட்டது. அக்கொள்கைப்படி தேவையற்ற தாள்கள் அழிக்கப்பட வேண்டும். நாளும் பெருமளவில் தாள்கள் துண்டாக்கப்பட்டன. நவம்பர் 8 அன்று ஆணையத்தின் அழைப்பாணை வந்த பின்னரே அது நின்றது. 2002 சூனில் நடுவர் குழு ஆண்டர்சனைக் குற்றவாளி என்றது. அவ்வாண்டு ஆகத்து முடிவில் அது பொது நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் உரிமையை ஒப்படைத்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பேர் பணிபுரிந்த நிறுவனம் சிதறியது.

2005 மே 31 அன்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. நடுவர் குழுவுக்கு வழங்கப்பட்ட விளக்கம் தவறானது என்பதே காரணம். இயல்பான சூழ்நிலையில், முறையான கொள்கையின்படி ஆவணங்களை அழிக்குமாறு மேலாளர் கூறுவது குற்றமாகாது என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆண்டர்சன் செய்தது சரி என்று அது கூறவில்லை. எவ்வாறாயினும் காப்பாற்றுவதற்கு அப்போது நிறுவனம் எஞ்சியிருக்கவில்லை.

இதற்கிடையில் 2002ஆம் ஆண்டின் சார்பேன்சு-ஆக்சுலி சட்டம், கூட்டரசின் விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பதிவையோ ஆவணத்தையோ வேறு பொருளையோ அழிப்பவருக்கு 20 ஆண்டுகள் வரை சிறை என்று விதித்தது. இச்சட்டம் பின்னர் விந்தையான வழியில் சோதனைக்கு உள்ளானது. மெக்சிக்கோ வளைகுடாவில் அளவிற் சிறிய மீன்களைப் பிடித்த மீனவர் ஒருவர், அதிகாரிகள் கண்ட பின்பு அவற்றைக் கடலில் எறியச் செய்தார் என்று இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. யேட்சு எதிர் ஐக்கிய அமெரிக்கா என்னும் அவ்வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இப்பிரிவு குறிக்கும் பொருள் என்பது தகவலைப் பதியவோ காக்கவோ பயன்படும் பொருளே என்றும், மீன் அதில் அடங்காது என்றும் கூறியது. ஒன்பது நீதிபதிகளுள் நால்வர் இதை ஏற்கவில்லை.

வழக்கோ விசாரணையோ வரக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க நிலை வந்தவுடன் வழக்கமான அழிப்பை நிறுத்த வேண்டும் என்ற கடமையைச் சுபுலேக் எதிர் யூ.பி.எசு. வார்பர்க் வழக்கின் தீர்ப்புகள் தெளிவாக்கின. முதலீட்டு வங்கியின் ஊழியர் ஒருவர் பாலினப் பாகுபாடு குறித்துத் தொடுத்த வழக்கு அது. வங்கி ஊழியர்கள் மின்னஞ்சல்களை அழித்திருந்ததால், அழிந்தவை வங்கிக்குப் பாதகமானவை என நடுவர் குழு கருதிக்கொள்ளலாம் என்று 2004ஆம் ஆண்டு நீதிபதி கூறினார். அடுத்த ஆண்டு நடுவர் குழு வழங்கிய தொகை 2.9 கோடி டாலருக்கும் மேற்பட்டது.

மின்னஞ்சலும் கைப்பேசியும்

தாள் காலத்தில் எழுதப்பட்ட விதிகள் மின்னஞ்சலுக்கும் பொருந்துமா என்று பல நிறுவனங்கள் நெடுங்காலம் பொருட்படுத்தாமல் இருந்தன. 2002ஆம் ஆண்டில் நிலை மாறியது. நியூயார்க் மாநிலத்தின் அப்போதைய தலைமை வழக்குரைஞர் எலியட் சுபிட்சர், மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களை வெளியிட்டார். இணைய நிறுவனப் பங்குகளை வாங்குமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்த பகுப்பாய்வாளர்கள், அதே பங்குகளைத் தமக்குள் இழித்துப் பேசியிருந்தது அவற்றால் தெரியவந்தது. மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் செலுத்தியது. அதன் இணையத் துறைப் பகுப்பாய்வாளர் ஹென்றி பிளாட்ஜெட், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், 2003ஆம் ஆண்டு வாழ்நாள் தடைக்கு உடன்பட்டார். அவ்வாண்டு ஏப்பிரலில் பத்து நிறுவனங்களுடன் ஏறத்தாழ 140 கோடி டாலர் மதிப்பில் உடன்பாடு ஏற்பட்டது. பதிவு காக்கப்பட்டதால் மட்டுமே உண்மை வெளிவந்த நிகழ்வு இது.

காக்காதவர்களும் இருந்தனர். 2002 திசம்பரில் ஐந்து தரகு நிறுவனங்கள் மின்னஞ்சல்களைப் பேணத் தவறியதற்காகத் தலா 16.5 இலட்சம் டாலர் அபராதம் செலுத்தின.

பின்னர் வாட்சப் போன்ற செயலிகள் வந்தன. அலுவலக மின்னஞ்சல் தானாகவே சேமிக்கப்படும். சொந்தக் கைப்பேசியின் செய்திகள் சேமிக்கப்படா. 2021 திசம்பரில் ஜே.பி. மார்கனின் தரகு நிறுவனம், ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளில் நடத்திய தொழில்சார் உரையாடல்களைப் பேணாததை ஒப்புக்கொண்டு, இரு ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் சேர்த்து 20 கோடி டாலர் செலுத்த இணங்கியது. விதியைச் செயற்படுத்த வேண்டிய மேலாளர்களே அதை மீறியவர்களுள் இருந்தனர். 2022 செப்டம்பரில் இதே குற்றத்துக்காகப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் மட்டும் 16 நிறுவனங்களிடம் 110 கோடி டாலருக்கும் மேலாகப் பெற்றது. வாடிக்கையாளருக்கு இழப்பு நேர்ந்ததாகக் காட்டப்படாத நிலையில் இவ்வளவு பெரிய தொகைகள் தகுமா என்ற விவாதமும் எழுந்தது. ஆணையத்தின் உறுப்பினர்களே சிலர் 2024ஆம் ஆண்டில் இவ்வணுகுமுறையைக் கேள்விக்கு உட்படுத்தினர். இழப்பு நேர்ந்ததா என்பதை அறியத் தேவையான செய்திகளே இல்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

சேமிப்பு முறையிலும் விதி தலையிட்டது. 1997 முதல் மின்பதிவுகளை அழிக்கவோ மேலெழுதவோ இயலாத வடிவில் வைக்க வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்தையும் மாற்றியவரையும் நேரத்தையும் காட்டும் தடமுடைய அமைப்பையும் மாற்றாக ஏற்றது.

பதிவு இருந்தும் பொய்யாதல்

பதிவு இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த பரஸ்பர நிதி ஊழல் இதற்குச் சான்று. அமெரிக்கப் பரஸ்பர நிதிகளின் அன்றைய விலை பொதுவாக மாலை 4 மணிக்குக் கணக்கிடப்படும். அதற்குப் பின் வரும் ஆணைக்கு மறுநாள் விலையே உரியது. அப்போதைய புகார்களில் விவரிக்கப்பட்ட ஒரு முறையில், 4 மணிக்கு முன் ஆணைச் சீட்டில் நேர முத்திரை குத்தி வைக்கப்பட்டது. மாலைச் செய்திகளைப் பார்த்தபின், வேண்டுமானால் அது நிறைவேற்றப்பட்டது, வேண்டாவிட்டால் கிழித்தெறியப்பட்டது. தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

பெர்னார்டு மேடாஃபின் மோசடி இதனினும் பெரிது. 2008 திசம்பரில் அவர் கைதானபோது வாடிக்கையாளர் கணக்குகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். மாதந்தோறும் அறிக்கைகள் சென்றன, வணிகச் சீட்டுகள் இருந்தன, பேரேடுகள் இருந்தன. பழைய நாளிதழ் விலைகளைப் பார்த்து, நடவாத வணிகங்கள் பின்தேதியிட்டு எழுதப்பட்டன. தணிக்கையாளர் வந்து ஆவணம் கேட்டபோது அச்சுப்பொறியிலிருந்து சூடாக வந்த தாள்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஆற்றி, பழையதாகத் தோன்றும் பொருட்டுக் கைக்குக் கை எறிந்து கசக்கியதாக அவருடைய முதன்மை உதவியாளர் 2013ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பல முறை சோதனை செய்த அதிகாரிகள் பங்கு வைப்பகம் போன்ற மூன்றாம் தரப்பிடம் அவ்வணிகங்களைச் சரிபார்த்ததே இல்லை. மேடாஃபின் ஏட்டில் இருந்த வணிகம் எதிர்த்தரப்பின் ஏட்டிலும் இருக்க வேண்டும். அங்கு ஒன்றுமே இல்லை. வாடிக்கையாளரின் பங்குகளை ஆலோசகரே வைத்திராமல் தனியான காப்பாளரிடம் வைப்பதும், அக்காப்பாளர் வாடிக்கையாளருக்கு நேரடியாக அறிக்கை அனுப்புவதும் ஏன் வலியுறுத்தப்படுகின்றன என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது.

தனியுரிமை

பதிவு பேணலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் கடமை தனியுரிமை ஆகும். வாடிக்கையாளரின் வருமானம், கடன், நோய், குடும்பப் பிணக்கு ஆகியவை ஆலோசகரின் கோப்பில் இடம்பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தேவைக்கு மேற்பட்ட காலம் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. தம் தரவை நீக்குமாறு கேட்கும் உரிமையையும் அளிக்கிறது. சட்டக் கடமையை நிறைவேற்றத் தேவையான பதிவுகளுக்கு அவ்வுரிமை பொருந்தாது. ஆகவே ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் தம் ஆணையின் ஒலிப்பதிவை மறுநாளே அழிக்குமாறு கேட்டால் நிறுவனம் மறுக்க வேண்டும். உரிய காலம் முடிந்து, பிணக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லாதபோதும் அதை வைத்திருக்க நிறுவனம் விரும்பினால், அதற்குரிய காரணத்தைக் காட்ட வேண்டியது நிறுவனமே.